‘சர்க்கஸ்’ (1936): ஒரு சோவியத் காதல் நகைச்சுவையில் யார் முகம், யார் குரல், யார் முடிவு என்று பார்ப்பது எப்படி

மாஸ்கோவின் மோஸ்ஃபில்ம் ஸ்டூடியோவில் கிரிகோரி அலெக்சாந்த்ரவ் இயக்கிய ‘சர்க்கஸ்’ 1936 மே மாதம் வெளியானது. வெள்ளைக்கார அமெரிக்கக் கலைஞர் மரியான் டிக்சன் கறுப்பினத்தவர் ஒருவருக்குக் குழந்தை பெற்றவர். கொலைவெறிக் கும்பலுக்குத் தப்பி ஓடுகிறார். அவரைத் தன் பிடியில் வைத்திருக்கும் ஜெர்மானிய முகவர் க்னைஷிட்ஸுடன் மாஸ்கோ சர்க்கஸுக்கு வருகிறார். அங்கே இவான் மார்த்தினவ் என்ற ரஷ்யக் கலைஞருக்கும் அவருக்கும் காதல் மலர்கிறது. நடுவே தவறான கைக்குப் போகும் கடிதம், பீரங்கியிலிருந்து நிலவுக்குப் பறக்கும் வித்தை, நிறையப் பாட்டு.

ஹாலிவுட்டில் வெள்ளையர், கறுப்பர் காதலைத் திரையில் காட்டுவதைத் தயாரிப்பு விதிகள் தடுத்த காலம் அது. ஜெர்மனியில் யூதர்களோடு கலப்புத் திருமணத்தைத் தடைசெய்த நியூரம்பெர்க் சட்டங்கள் 1935 செப்டம்பரில் வந்துவிட்டன. அமெரிக்காவில் கலப்புத் திருமணத் தடைகள் நாடு முழுதும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1967 வரை ஆயிற்று. இந்த நிலையில் ஒரு கறுப்புக் குழந்தையை நடுவில் வைத்து வெகுமக்களுக்காகக் காதல் நகைச்சுவை எடுத்தது பெரிய காரியம்தான். அந்த மதிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் கேள்விகளைத் தொடங்க வேண்டும். கேள்வியே கேட்காமல் விட்டால் படத்தைப் பாதிதான் பார்த்ததாகும்.

ஒரு திரைப்படச் சங்கமோ, கல்லூரி வகுப்போ, வீட்டில் நான்கு பேரோ இந்தப் படத்தைத் திரையிட்டு, அதில் யாருக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று பேச விரும்பினால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறோம். முறை எளியது. திரையில் தெரியும் முகம், கேட்கும் குரல், கதையைத் திருப்பும் முடிவு ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கணக்கெடுப்பதுதான் அது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் “பல இனத்தவரும் இருக்கிறார்கள், நல்ல படம்” அல்லது “எல்லாம் பிரச்சாரம், விடு” என்ற இரண்டில் ஒன்றில்தான் பேச்சு போய் முட்டும்.

சரியான பிரதி

முதல் வேலை, கையில் இருப்பது எந்தப் பிரதி என்று பார்ப்பது. இங்கே சறுக்கினால் பின்னால் செய்யும் கணக்கு எல்லாம் தப்பாகும்.

படத்தின் உச்சத்தில், சர்க்கஸ் அரங்கில் இருக்கும் பல இன மக்கள் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றித் தாலாட்டுப் பாடுகிறார்கள். அதில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிடிஷில் வரும் அடியைப் பாடுபவர் சாலமன் மிகோயெல்ஸ். மாஸ்கோ அரசு யூத நாடக அரங்கின் தலைவர், பெரும் நடிகர். 1948 ஜனவரியில் மின்ஸ்க் நகரில் ஸ்டாலினின் உத்தரவின்படி அவர் கொல்லப்பட்டார். கார் விபத்து என்று அப்போது சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு அந்த அரங்கும் மூடப்பட்டது. அவர் பாடும் பகுதி படத்திலிருந்து வெட்டப்பட்டது. ஸ்டாலின் இறந்த பிறகே அது மீண்டும் சேர்ந்தது.

ஆகவே திரையிடலுக்கு முன் தாலாட்டுக் காட்சியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். உயர்ந்த நெற்றியும் துருத்திய கீழுதடும் கொண்ட மிகோயெல்ஸ் வருகிறாரா, யிடிஷ் அடி கேட்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் அது வெட்டுண்ட பிரதி. அதை வீசிவிட வேண்டாம். அந்த ஒரு காட்சியை இரண்டு வடிவத்திலும் அடுத்தடுத்துக் காட்டினால், ஒரு சமூகத்தைத் திரையிலிருந்து எப்படி நீக்குகிறார்கள் என்பதை விளக்க வேறு பாடமே வேண்டாம்.

ஓடும் நேரத்தை மட்டும் வைத்து வெட்டைக் கண்டுபிடிக்க முடியாது. படம் ஏறத்தாழ 94 நிமிடம். வினாடிக்கு 24 பிரேம் என்பதை 25 ஆக்கித் தொலைக்காட்சிக்கு மாற்றிய கோப்பு 90 நிமிடத்திலேயே முடியும். எதுவும் வெட்டப்பட்டிருக்காது, வேகம்தான் கூடியிருக்கும். குரல்களும் சற்றுக் கீச்சென்று ஒலிக்கலாம்.

வண்ணம் பூசிய பதிப்பு ஒன்றும் 2011இல் வந்தது. இந்த வேலைக்கு அது வேண்டாம். கறுப்பு, வெள்ளை என்ற இரு நிறங்களையே அர்த்தத்தோடு கையாளும் படம் இது. மேலே வண்ணத்தைப் பூசினால் அந்த அர்த்தம் அழிந்துபோகும். மோஸ்ஃபில்ம் தன் பழைய படங்களைச் சொந்த யூடியூப் சேனலில் சப்டைட்டிலோடு ஏற்றிவருகிறது. முதலில் அங்கே தேடுங்கள். வீட்டில் பார்ப்பதற்கும் கட்டணம் வாங்கிப் பொதுவில் திரையிடுவதற்கும் உரிமை ஒன்றல்ல. பொதுத் திரையிடல் என்றால் எழுதிக் கேட்டு அனுமதி பெறுங்கள்.

சப்டைட்டில்

பல சப்டைட்டில் கோப்புகள் தாலாட்டின் எல்லா அடிகளையும் ஒரே மொழிபோல் மொழிபெயர்த்துவிடும், அல்லது ரஷ்ய அடியை மட்டும் கொடுத்துவிட்டு மற்றவற்றை வெறுமையாக விட்டுவிடும். இரண்டுமே நமக்குக் கேடு. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் “உக்ரேனிய மொழியில்”, “ஜார்ஜிய மொழியில்”, “யிடிஷ் மொழியில்” என்று நீங்களே சேர்த்துவிடுங்கள். சப்டைட்டில் எழுத்துகள் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்து செய்யலாம். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 குறியேற்றத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். ஒரு தடவைக்கு இரண்டு வரி, ஒரு வரிக்கு 35 முதல் 40 எழுத்து என்று வைத்துக்கொண்டால் பின்வரிசையில் இருப்பவரும் படிக்க முடியும்.

தொடக்கத்தில் பொருந்திய சப்டைட்டில் போகப் போக விலகினால் காரணம் அதே 24, 25 பிரேம் வேறுபாடுதான். படம் முடியும்போது இடைவெளி மூன்றே முக்கால் நிமிடத்தைத் தொட்டுவிடும். விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் ஜி, ஹெச் விசைகளைத் தட்டி நேரத்தைத் தள்ளினால் அந்த இடத்துக்கு மட்டும் சரியாகும், பத்து நிமிடத்தில் மறுபடி விலகும். சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் பிரேம் வேகத்தையே மாற்றிச் சேமிப்பதுதான் நிரந்தர வழி.

மரியானின் ரஷ்யப் பேச்சு உடைந்த உச்சரிப்போடு வரும். சப்டைட்டில் அதைச் சீர்செய்து அழகாக எழுதிவிடும். அப்படி எழுதினால் அவர் வெளிநாட்டவர் என்பதைக் காது உணர்ந்தாலும் கண் உணராது. திரையிடும் முன் இதைப் பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

படத்துக்கு முன் பத்து நிமிடம்

அறிமுகம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மிகோயெல்ஸின் முடிவை முன்கூட்டியே சொல்லாதீர்கள். அந்தச் செய்தியோடு தாலாட்டைக் கேட்பவருக்குப் படம் 1936இன் பார்வையாளருக்குக் கொடுத்த மகிழ்ச்சி எட்டவே எட்டாது. அந்த மகிழ்ச்சியை உணராமல் படத்தை எடைபோட முடியாது.

முன்னால் சொல்ல வேண்டியவை இவை. மூலம் இல்யா இல்ஃப், யெவ்கேனி பெத்ரவ், வலெந்தின் கதாயெவ் எழுதிய நாடகம். படம் போன போக்கு பிடிக்காமல் எழுத்தாளர்கள் தங்கள் பெயரைப் படத்திலிருந்து விலக்கிக்கொண்டார்கள். இசை ஐசக் துனயெவ்ஸ்கி, பாடல்கள் வசீலி லெபெதெவ்-குமாச். மரியானாக நடிப்பவர் லியூபவ் ஓர்லவா, மார்த்தினவாக செர்கேய் ஸ்தல்யாரவ். சோவியத் நாட்டின் புதிய அரசியல் சட்ட வரைவு 1936 ஜூனில் மக்கள் விவாதத்துக்கு வந்து டிசம்பர் 5 அன்று ஏற்கப்பட்டது. அதன் 123ஆம் பிரிவு இனம், தேசிய இனம் பாராமல் குடிமக்களுக்குச் சம உரிமை என்றது. படமும் அந்தச் சட்டமும் ஒரே ஆண்டின் பிள்ளைகள் என்பது போதும்.

முதல் பார்வை, இரண்டாம் பார்வை

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். கையில் காகிதம் வேண்டாம். சிரிப்பு வரும் இடத்தில் சிரிக்கட்டும். இரண்டாம் முறைதான் குறிப்பு. ஒரே நாளில் இரண்டு முறை முழுப் படத்தையும் ஓட்டுவது யாருக்கும் ஒத்துவராது. இரண்டாவதாக 35 முதல் 40 நிமிடத்துக்கான காட்சிகளை மட்டும் எடுத்து வையுங்கள். தொடக்கத் துரத்தல், மரியானின் அறைக் காட்சிகள், பியானோ அருகே பாட்டு, அரங்கின் இறுதிப் பகுதி, செஞ்சதுக்க ஊர்வலம் ஆகியவை போதும்.

ஆளுக்கு ஒரு தாள். அதில் மேலிருந்து கீழாக ஐந்து பத்தி: பாத்திரம், எந்த இனத்தவராகக் காட்டப்படுகிறார், முகம் தெரியும் நேரம், பேசும் அல்லது பாடும் நேரம், எடுக்கும் முடிவுகள். ஒருவரே மூன்றையும் குறித்தால் எதுவும் உருப்படாது. குழுவை மூன்றாகப் பிரித்து ஒன்றுக்கு முகம், ஒன்றுக்குக் குரல், ஒன்றுக்கு முடிவு என்று கொடுங்கள். நேரம் பார்க்கக் கைபேசியின் ஸ்டாப்வாட்ச் போதும். ஐந்து வினாடி முன்பின் ஆனால் பரவாயில்லை.

முடிவு என்றால் கதையின் திசையை மாற்றும் செயல். கண்ணீர் விடுவதும் பயந்து ஓடுவதும் எல்லா இடத்திலும் முடிவாகிவிடாது. ‘இவர் இதைச் செய்திருக்காவிட்டால் அடுத்த காட்சி இருக்குமா?’ என்று கேளுங்கள். இருக்காது என்றால் அது முடிவு. இந்தத் தேர்வை வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே தெரியும். கதை முழுதும் சிறுவன் ஜிம்மியைச் சுற்றிச் சுழல்கிறது. அவனை ஒளித்துவைப்பதும், அவனைக் காட்டி மிரட்டுவதும், அரங்கத்தில் அம்பலப்படுத்துவதும், ஏற்றுக்கொள்வதும் எல்லாம் வெள்ளையர். இரண்டு மூன்று வயதுக் குழந்தையிடம் முடிவை எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் அவனுடைய அப்பா எங்கே? படத்தில் அவருக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. குழந்தைக்குக் கிடைத்த அன்பில் ஒரு பங்கு வளர்ந்த கறுப்பு மனிதர் ஒருவருக்குக் கிடைக்குமா என்ற கேள்வியைப் படம் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறது. தாலாட்டில் ஓர் அடி பாடும் கறுப்பினத்தவர் வருகிறார். அவருடைய நேரத்தைத் தனியாக அளந்து எழுதுங்கள்.

நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டிய இடங்கள்

ஓர்லவாவின் தலைமுடி. அரங்கில் மரியான் கருமுடி டோப்பா அணிகிறார். அதைக் கழற்றினால் உள்ளே பொன்னிறக் கூந்தல். க்னைஷிட்ஸ் கருப்பு மேலங்கியோடு திரிகிறார். மார்த்தினவ் பெரும்பாலும் வெண்ணிற உடையில். இறுதி ஊர்வலத்தில் மரியானும் வெள்ளை ஸ்வெட்டருக்கு மாறிவிடுகிறார். நிறவெறியை எதிர்க்கும் படம், நல்லதைச் சொல்ல வெள்ளையையும் தீயதைச் சொல்லக் கருப்பையும் எடுத்துக்கொள்கிறது. இது யாரும் திட்டமிட்டுச் செய்த துரோகம் என்று நாங்கள் நினைக்கவில்லை. மேடையும் சினிமாவும் நெடுங்காலம் பழகிய நிறமொழி அது. பழக்கமானதாலேயே அதைக் கண்டுபிடிப்பது கடினம். உடை நிறத்தை ஒரு தனிப் பத்தியாகவே குறிக்கச் சொல்லலாம்.

அடுத்தது அரங்கில் நடக்கும் அம்பலம். க்னைஷிட்ஸ் குழந்தையைத் தூக்கிக்காட்டி, இந்தப் பெண் கறுப்பனோடு வாழ்ந்தவள், இவளை நாகரிக சமுதாயத்திலிருந்து விரட்ட வேண்டும் என்று கத்துகிறார். சர்க்கஸ் தலைவர் லூத்விக் ஓசிப்பவிச், ‘அதனால் என்ன?’ என்பதுபோல் நிற்கிறார். கூட்டம் சிரிக்கிறது. குழந்தை வரிசை வரிசையாகக் கைமாறிப் போகிறது. பிடிக்க ஓடும் க்னைஷிட்ஸை மக்கள் எழுந்து மறிக்கிறார்கள். நிறவெறியனை வாதாடி வெல்லாமல் சிரிப்பால் தோற்கடிப்பது நகைச்சுவைப் படத்துக்கே உரிய பலம், இந்தப் படத்தின் மிக நல்ல தருணம். யார் சிரிக்கிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எழுதுங்கள். சிரிப்பு ஒரு கணம்கூடத் தாயையோ குழந்தையையோ நோக்கித் திரும்பாதது கவனமாகச் செய்த வேலை.

உடனே பின்னால் வரும் வசனத்தில் நிதானியுங்கள். எங்கள் நாட்டில் எல்லாக் குழந்தைகளையும் நேசிக்கிறோம். கறுப்போ, வெள்ளையோ, சிவப்போ, நீலமோ, கோடுபோட்டதோ, எத்தனை வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ளுங்கள் என்று தலைவர் மரியானிடம் சொல்கிறார். அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அடுத்த மாதம், 1936 ஜூன் 27 அன்று, சோவியத் அரசு கருக்கலைப்பைத் தடைசெய்தது. அந்த வசனத்தில் இனச் சமத்துவமும் மக்கள்தொகைக் கொள்கையும் ஒன்றாகப் பின்னியிருக்கின்றன. பெண்ணின் உரிமை என்று வரும்போது படம் எங்கே நிற்கிறது என்று கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

பிறகு தாலாட்டு. இதற்கு மட்டும் 15 நிமிடம் ஒதுக்குங்கள். யார் தொடங்குகிறார், எந்த மொழிக்கு எத்தனை வினாடி, கேமரா யாரிடம் நெருங்குகிறது, யாரைத் தூரத்தில் நிறுத்துகிறது என்று ஒவ்வொரு அடிக்கும் குறியுங்கள். மொழிகள் மாறினாலும் மெட்டு ஒன்றே. மக்கள் பலர், பாட்டு ஒன்று என்பதுதான் அன்றைய அரசு சொல்லிய கொள்கை. அதை இவ்வளவு இனிமையாகச் சொன்ன காட்சி வேறு இல்லை. இப்போதுதான் மிகோயெல்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெட்டுண்ட வடிவம் கையில் இருந்தால் அதையும் இப்போது போடுங்கள். பேச்சு தானாக நின்றுபோகும். அந்த அமைதியை உடனே பேசி நிரப்பாதீர்கள்.

‘தாய்நாட்டுப் பாடல்’ படத்தில் சில முறை வருகிறது. நமக்குக் கறுப்பரும் இல்லை, நிறத்தவரும் இல்லை என்ற பொருளில் ஒரு வரி அதில் உண்டு. வேறுபாட்டை மதிக்கிறோம் என்று அது சொல்லவில்லை, வேறுபாடே கண்ணில் படவில்லை என்கிறது. தாலாட்டோ ஒவ்வொருவரையும் அவரவர் மொழியில் பாடவைத்து வேறுபாட்டைக் கொண்டாடுகிறது. இந்த இரண்டும் ஒரே படத்தில் இருப்பதைக் குழு தானே கண்டுபிடித்தால் விவாதத்துக்கு நடத்துநரே தேவையில்லை.

கடைசி ஊர்வலத்தில் மரியானிடம், இப்போது புரிகிறதா என்று கேட்கிறார்கள். அவரும் புரிந்தது என்று பதில் தருகிறார். எல்லோரும் ஒரே உடை, ஒரே நடை. சிறுவன் எங்கே, யார் அருகில் என்று தேடச் சொல்லுங்கள்.

திரைக்கு வெளியே

ஜிம்மியாக நடித்தவர் ஜேம்ஸ் பேட்டர்சன், 1933இல் மாஸ்கோவில் பிறந்தவர். அம்மா வேரா அரலவா, ஓவியர், உடை வடிவமைப்பாளர். அப்பா லாயிட் பேட்டர்சன் அமெரிக்கக் கறுப்பினத்தவர். அமெரிக்க இனவெறியைப் பற்றி மாஸ்கோவில் எடுப்பதாக இருந்த ஒரு படத்தில் நடிக்க 1932இல் வந்த 22 பேர் குழுவில் ஒருவர்; கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸும் அதில் இருந்தார். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. சோவியத் அரசு அமெரிக்காவின் அங்கீகாரத்தைப் பெறுவதற்காகத் தங்களைக் கைவிட்டது என்று குழுவில் சிலர் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினர். அங்கீகாரம் 1933 நவம்பரில் கிடைத்தது. லாயிட் மாஸ்கோவிலேயே தங்கி வானொலியில் வேலை பார்த்தார், 1942இல் இறந்தார். மகன் கடற்படை அதிகாரியாகவும் கவிஞராகவும் ஆனார். கறுப்பர் நடிக்க வேண்டிய படம் நின்றது, கறுப்புக் குழந்தையை வெள்ளையர் ஏந்தும் படம் வந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசாமல் ‘சர்க்கஸ்’ பற்றிய விவாதம் முழுமையாகாது.

ஒளிப்பதிவாளர் விளதீமிர் நீல்சன் 1937இல் கைதாகி 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1937இல்தான் சோவியத் தூரக்கிழக்கில் வாழ்ந்த கொரியர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒட்டுமொத்தமாக மத்திய ஆசியாவுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். 1944இல் செச்சேனியர்களும் கிரிமியத் தாத்தார்களும். இந்தச் செய்திகளைச் சொல்லும்போது, ‘ஆகவே படம் பொய்’ என்று யாராவது முடித்துவைக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். படத்தில் அந்த வாக்குறுதி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அரசு எங்கே அதை மீறியது என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். வாக்குறுதி வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் 1948க்குப் பிறகு கத்தரிக்கோல் எடுக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அதே தாளில் இன்னும் இரண்டு படங்கள்

நேரம் இருந்தால் அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு படங்களை இதே தாளில் அளந்து பாருங்கள். இவான் பிரியெவின் ‘பன்றி வளர்ப்பவளும் மேய்ப்பனும்’ 1941 நவம்பரில், போர் மாஸ்கோவை நெருங்கிய நேரத்தில் வெளியானது. வடக்கே வோலக்தா பகுதி ரஷ்யப் பெண் கிளாஷாவும் காக்கேசிய மலைப்பகுதியான தாகெஸ்தானைச் சேர்ந்த முசாயிபும் மாஸ்கோ வேளாண் கண்காட்சியில் சந்தித்துக் காதலிக்கிறார்கள். இங்கே ரஷ்யரல்லாதவரே காதலன், முடிவெடுப்பவரும் அவரே. அந்த வகையில் ‘சர்க்கஸ்’ கணக்கிலிருந்து இது மாறும். ஆனால் முகம் என்ற பத்தியில் பாருங்கள்: முசாயிபாக நடித்த விளதீமிர் செல்தின் தாகெஸ்தானியர் அல்லர். முசாயிப் தன் மொழியில் எழுதும் கடிதம் கிளாஷாவின் ஊரில் யாருக்கும் புரியாமல் போக, அதைத் தவறாகச் சொல்லிக் காதலைக் கெடுக்கப் பார்க்கிறார்கள். குரல் என்ற பத்தியில் இதை எழுதுங்கள். முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் தாகெஸ்தானில் அது எந்த மொழி என்று படம் கவலைப்படுகிறதா என்பதையும் பாருங்கள்.

லியனித் கைதாயின் ‘காக்கேசியக் கைதி’ (1967) இன்றும் ரஷ்யாவில் கொண்டாடப்படும் படம். மாமன் தன் மருமகள் நீனாவை ஆடுகளுக்கும் ஒரு பின்லாந்துக் குளிர்பெட்டிக்கும் பேரம் பேசி விற்கிறான். வாங்குபவர் சாகவ், உள்ளூர் அதிகாரி. அந்த மலைப்பகுதிக்குப் பெயர் கிடையாது. உள்ளூர் மொழி என்று பேசப்படுவதில் புனைந்த ஓசைகளும் உண்டு. படப்பிடிப்பின் பெரும்பகுதி கிரிமியாவில் நடந்தது. நீனாவாக நடித்த நதால்யா வார்லேயின் பேச்சுக்குக் குரல் நதேழ்தா ருமியன்த்சவா, பாட்டுக்கு ஐதா வெதீஷ்சவா. முகமும் குரலும் வேறு வேறு ஆட்களுடையவை என்பதால் தாளில் இரண்டு பெயரையும் எழுத வேண்டும். கேலி அதிகாரி மீதா, காக்கேசிய மக்கள் மீதா என்று ஒவ்வொரு சிரிப்புக்கும் குறிபோடுங்கள். ஒரே காட்சிக்குள் அது இடம் மாறுவதைப் பார்க்கலாம். அப்படி மாறும் நொடியைக் கடிகார நேரத்தோடு எழுதிவைத்தால் விவாதத்தின்போது அதே இடத்துக்குத் திரும்பிப்போய்க் காட்டலாம்.

விவாதத்துக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் முடிவுக் குழு, அப்புறம் குரல் குழு, கடைசியாக முகக் குழு என்று பேசவிடுங்கள். முகத்தில் தொடங்கினால் ஆட்களை எண்ணுவதிலேயே நேரம் போய்விடும். மூன்று குழுவின் எண்களும் ஒரே பாத்திரத்துக்கு எங்கே பெரிதும் விலகுகின்றனவோ, அந்தப் பாத்திரத்தின் காட்சியை மறுபடி ஓட்டுங்கள்.